1.5 எடுப்பதா, 1.8 எடுப்பதா? முதலில் செசி (காரின் அடிச்சட்டம்) இலக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் வவுனியாவில் ஆசிரியராக இருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என வீட்டில் ஐந்து பேர். இதுவரை மோட்டார் சைக்கிளும் பஸ்சும்தான். இப்போது பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கத் தீர்மானித்து இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2008 டொயோட்டா பிரீமியோ 1.5, மீற்றரில் 1,42,000 கிலோமீற்றர். மற்றது 2004 டொயோட்டா அலியன் 1.8, மீற்றரில் 1,18,000. அலியன் இருபது இலட்சம் ரூபா குறைவு. அதை வாங்கினால் லீசிங் (தவணைக் கடன்) தேவையில்லை. பிரீமியோ என்றால் அந்த இருபதையும் லீசிங்கில்தான் எடுக்க வேண்டும்.

அன்றாட ஓட்டம் பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி. மாதம் ஒரு தடவை யாழ்ப்பாணம். வருடத்தில் மூன்று தடவை மனைவியின் ஊரான நுவரெலியா. மைத்துனரிடம் 2009 பிரீமியோ 1.8 இருக்கிறது. "1.5 மலையில் மூச்சு வாங்கும், 1.8 எடு, அருமையான எஞ்சின்" என்கிறார். புறோக்கரோ "1.8 பெற்றோல் குடிக்கும், பிறகு விற்கவும் ஏலாது" என்கிறார். 1.8க்கு 95 பெற்றோல்தான் அடிக்க வேண்டும் என்பதும் உண்மையா? இரண்டு காரின் சி.ஆர். (பதிவுச் சான்றிதழ்) பிரதிகளையும் இணைத்துள்ளேன். எதை எடுக்கட்டும்?

பதில்:

தம்பி, சி.ஆர். பிரதியை அனுப்பினீர்களே, அது நல்ல வேலை. பலர் காரின் படத்தை அனுப்பிவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். வெள்ளைக் காரின் படத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? உங்கள் கடிதத்தில் இல்லாத இரண்டு விடயம் அந்தப் பிரதியில் இருக்கிறது.

ஒன்று, நீங்கள் "2004 அலியன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2004 அது இலங்கையில் பதிவான வருடம். உற்பத்தி வருடம் என்ற கட்டத்தில் 2002 என்று இருக்கிறது. பாவித்த காராக வந்தவற்றில் இந்த இரண்டு வருடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. விற்பவர் எப்போதும் பிந்திய வருடத்தைத்தான் சொல்லுவார். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மற்றது செசி இலக்கம். அலியனின் இலக்கம் இசெட்.இசெட்.ரி. 240 என்று தொடங்குகிறது. பிரீமியோவினுடையது என்.இசெட்.ரி. 260. உங்கள் மைத்துனரின் காரை எட்டிப் பார்த்தால் இசெட்.ஆர்.ரி. 260 என்று இருக்கும். இங்கேதான் விடயம் கிடக்கிறது. மைத்துனர் புகழுகிற 1.8 எஞ்சினும் நீங்கள் வாங்கப் பார்க்கிற 1.8 எஞ்சினும் வேறு வேறு. சி.சி. ஏறக்குறைய ஒன்றுதான், அவருடையது 1797, அலியனுடையது 1794. எஞ்சின் பெயரின் எழுத்துகள்தான் வேறு: அலியனில் இருப்பது 1 இசெட்.இசெட்., அவருடையதில் 2 இசெட்.ஆர். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் குணத்தில் இல்லை.

பிரீமியோவும் அலியனும் உடுப்பு மாற்றிய ஒரே கார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001 டிசம்பரில் வந்தது 240 வரிசை. 2007 ஜூனில் 260 வரிசை வந்தது. 2021 மார்ச்சோடு இரண்டு பெயருமே ஜப்பானில் முடிந்துபோயின. 240இல் 1.5க்கு 1 என்.இசெட்., 1.8க்கு 1 இசெட்.இசெட். 260இல் 1.5க்கு அதே 1 என்.இசெட்., 1.8க்கு 2 இசெட்.ஆர். அதாவது 1.5 எஞ்சின் இரண்டு தலைமுறைக்கும் ஒன்றேதான். 1.8தான் மாறியது. அந்தப் பழைய 1.8இன் குறைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மைத்துனரின் மலைக் கதை.

உங்கள் பிரீமியோவின் 1.5 எஞ்சினுக்கு 110 குதிரைவலு. அலியனின் 1.8க்கு 132. காரின் எடை ஏறக்குறைய 1200 கிலோ, ஐந்து பேரும் சாமானும் ஏறினால் 1550 என்று வையுங்கள். ஒரு தொன்னுக்கு எத்தனை குதிரை என்று பிரித்தால் 1.5க்கு 71, 1.8க்கு 85. இது வவுனியாக் கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சுகிற காற்றை நம்பித்தான் வலுவைக் கொடுக்கிறது. காற்று குறைந்தால் வலுவும் அதே அளவுக்குக் குறையும். ஆக நுவரெலியாவில் 1.8இன் 85 சுமார் 71 ஆகிவிடும், 1.5இன் 71 சுமார் 59 ஆகிவிடும். இதைச் சுருக்கினால், 1.8 காரில் நுவரெலியாவில் போவது 1.5 காரில் வவுனியாவில் போவதுபோல இருக்கும். மைத்துனர் உணருகிற சுகம் இதுதான், அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் 59 போதாதா? கணக்குப் பாருங்கள். அதே 1550 கிலோவை நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் ஏறும் வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோக ஏறக்குறைய 22 குதிரைவலு போதும். அந்த உயரத்திலும் 1.5இடம் 90 இருக்கிறது. நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் றம்பொடை வளைவுகளில் இதைவிட வயதான, இதைவிடச் சிறிய கார்கள் தினமும் ஏறி இறங்குகின்றன. ஏறாது என்பது கதை. சத்தம் போட்டு ஏறும் என்பது உண்மை. கொண்டை ஊசி வளைவில் முழுதாக வேகம் குறைந்து திரும்ப எடுக்கும்போதும், முன்னால் போகிற மரக்கறி லொறியை முந்த வேண்டி வரும்போதும் 1.5 நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு ஏறிக் கத்தும். அதுவரை கேட்டுப் பழகாதவருக்கு எஞ்சின் வெடிக்கப் போகிறதோ என்று பயம் வரும். ஒன்றும் ஆகாது, அந்த எஞ்சினின் முழு வலு ஆறாயிரத்தில்தான் இருக்கிறது. ஏசியை அந்த இரண்டு வளைவுக்கு நிறுத்தினால் இன்னும் இலகுவாக இருக்கும். நுவரெலியாவில் ஏசி எதற்கு என்பது வேறு கேள்வி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 240 அலியனின் 1.8இல் இருப்பது நாலு கியர் ஓட்டோமற்றிக். 260 பிரீமியோவில் இருப்பது சி.வி.ரி., அதாவது கியர் படிகளே இல்லாமல் பெல்ற்றும் புல்லியும் கொண்டு ஓடும் ஓட்டோமற்றிக். நாலு கியருக்கு நடுவில் இடைவெளி பெரிது. ஏற்றத்தில் இரண்டாம் கியர் கூடிப்போகும், மூன்றாம் கியர் காணாது, கியர்பொக்ஸ் இரண்டுக்கும் நடுவில் அல்லாடும். சி.வி.ரி. தேவையான சுற்றில் எஞ்சினை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஆகவே 1.8இன் கூடுதல் குதிரைகளில் ஒரு பகுதியை அந்தப் பழைய கியர்பொக்ஸ் தின்றுவிடும். ஓட்டிப் பார்த்தால் இந்த இரண்டு காருக்கும் மலையில் வித்தியாசம் மைத்துனர் சொல்லும் அளவுக்கு இராது.

அதோடு உங்கள் ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். மாதம் ஒரு யாழ்ப்பாணம், மூன்று நுவரெலியா, அன்றாட ஓட்டம் எல்லாம் சேர்ந்து வருடம் 11,000, 12,000 கிலோமீற்றர் வரும். அதில் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் தூரம் ஒரு தடவைக்கு 75 கிலோமீற்றரைச் சுற்றி. மூன்று தடவைக்கு 225. நூற்றுக்கு இரண்டு வீதம். அந்த இரண்டு வீதத்துக்காக எஞ்சின் தெரிவு செய்யலாமா என்று நீங்களே யோசியுங்கள். உங்கள் வீடு ஹட்டனில் இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இனிப் புறோக்கரின் பெற்றோல் கதை.

ஏ9 வீதியில் 70 வேகத்தில் நிதானமாகப் போகும் இந்த அளவு காருக்கு ஏசியும் சேர்த்துத் தேவைப்படுவது பத்துக் குதிரைவலுவைச் சுற்றித்தான். 110 இருந்தாலும் 132 இருந்தாலும் மிச்சமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பெரிய எஞ்சினின் உள்உராய்வும், காற்றை அளந்து விடும் த்ரொட்டில் மூடிக் கிடக்க அதற்கு எதிராக அது மூச்சிழுக்கும் பாடும் கூட. அதற்கும் பெற்றோல் வேண்டும். ஆகவே 1.8 கொஞ்சம் கூடக் குடிக்கத்தான் செய்யும், ரவுணுக்குள் நின்று நின்று போகும்போது இன்னும் கொஞ்சம். என் கராஜுக்கு வருகிறவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துச் சொல்வதானால், கலப்பு ஓட்டத்தில் 260இன் 1.5 லீற்றருக்கு 13, 14 கிலோமீற்றரும் 1.8 பன்னிரண்டை ஒட்டியும் தரும். 13.5, 12 என்றே வைப்போம். 12,000 கிலோமீற்றருக்கு ஒன்று 889 லீற்றர், மற்றது 1000. வருடத்துக்கு வித்தியாசம் 111 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 33,300 ரூபா. மாதம் மூவாயிரத்துக்கும் குறைவு.

இதை லீசிங்கோடு ஒப்பிடுங்கள். இருபது இலட்சத்துக்கு நூற்றுக்குப் பதினான்கு வட்டி என்று வைத்தாலே முதல் வருட வட்டி மட்டும் இரண்டரை இலட்சத்தைச் சுற்றி வரும். பெற்றோலுக்குப் பயந்து 1.8ஐத் தள்ளிவிட்டு லீசிங்கில் 1.5 எடுப்பது கணக்கு இல்லை. 2022இல் கியூ.ஆர். அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்று வரிசையில் நின்ற காலம் நம் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதிலிருந்து சி.சி. கூடிய கார் என்றாலே ஒரு நடுக்கம். அந்த நடுக்கத்தை வைத்துத்தான் புறோக்கர் பேசுகிறார்.

95 பெற்றோல் தேவையே இல்லை. இந்த எஞ்சின்கள் எல்லாம் ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்குச் செய்தவை. அங்கே சாதாரண பெற்றோலின் ஒக்டேன் நம் 92ஐவிடக் குறைவாகவும் இருக்கலாம். 92 தாராளம். 95 அடித்தால் எஞ்சின் கெடாது, காசுதான் போகும்.

விற்க ஏலாது என்று புறோக்கர் சொன்னதில் மட்டும் உண்மை இருக்கிறது, காரணம் வரி. ஜப்பானில் வருடாந்தக் கார் வரி 1000, 1500, 2000 என்ற படிகளில் ஏறும். 1.5 எஞ்சின் 1496 சி.சி. என்று வந்து நிற்பது அந்தப் படிக்குப் பயந்துதான். நம் நாட்டில் இறக்குமதியின்போது அறவிடும் உற்பத்தி வரியும் சி.சி.யை வைத்துத்தான், ஆனால் படிகள் நெருக்கமானவை: 1500க்கு ஒன்று, 1600க்கு ஒன்று, 1800க்கு ஒன்று. 1496 ஒரு படியில் நிற்க, 1797 இரண்டு படி மேலே போய்விடும். அதனால் 1.8 இங்கே குறைவாகத்தான் வந்தது. குறைவாக வந்ததால் தேடுகிறவரும் குறைவு. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் எந்தக் காருக்கும் விலை கூடிக் கிடந்ததால் 1.8ம் விற்றது. ஆனால் ஆற அமரப் பேரம் பேசும் காலத்தில் 1.8க்கு ஆள் வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வாங்கும்போது அதே காரணம் உங்கள் பக்கம் வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, அந்த 1 இசெட்.இசெட்.க்கு வருவோம்.

இந்த எஞ்சினின் ஆரம்பகாலப் பதிப்புகளில் ஒரு குறை இருந்தது. பிஸ்டனில் மூன்றாவதாக இருக்கும் ஒயில் றிங்கின் வேலை, சிலிண்டர் சுவரில் ஒட்டிய ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது. வழித்த ஒயில் திரும்பிப் போக றிங் பள்ளத்தில் சிறு துளைகள் உண்டு. இந்த எஞ்சினில் அவை சிறியவை, போதாதவை. ஒயிலைப் பிந்திப் பிந்தி மாற்றினால் அந்தத் துளைகள் கரியால் அடைபடும். அடைபட்டால் றிங் பள்ளத்திலேயே இறுகி ஒட்டிவிடும். அப்புறம் ஒயில் மேலே ஏறி எரியும். டொயோட்டாவே பின்னர் பிஸ்டனை மாற்றியமைத்தது. 2005க்குப் பிறகு வந்தவற்றில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் அலியன் 2002. பதிவு வருடத்தை வைத்து "2004 தானே" என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை, ஆனால் பிஸ்டன் வார்த்தது 2002இல்.

எல்லா 2002 காரும் ஒயில் எரிக்கும் என்று சொல்லவில்லை. ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ஒயில் மாற்றியவரின் கார் இன்றும் நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கெட்டதைப் பிடிப்பதுதான் கஷ்டம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் இதே எஞ்சினுள்ள காரை வாங்கி மூன்றாம் மாதம் என்னிடம் கொண்டுவந்தார். வாங்குவதற்கு முன் வேறொரு கராஜில் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்திருக்கிறார், நாலு சிலிண்டரும் திறம் என்று சீட்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு பொய்யில்லை. கொம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் இரண்டு றிங்கும். ஒயில் றிங் ஒட்டியிருந்தாலும் கொம்ப்ரஷன் நன்றாகவே காட்டும். ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தேன், நுனியில் ஒரு பொட்டு. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் போய்க்கொண்டிருந்தது. விற்றவர் கெட்டியான ஒயிலை ஊற்றிப் புகையை மறைத்திருக்கிறார். "கார் எண்டா சேவிசுக்குச் சேவிஸ் பார்த்தால் போதும் எண்டு நினைச்சன்" என்றார் அந்த மனிதர். மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு நீட்டி எழுதுகிறேன்.

அலியனைப் பார்க்கப் போனால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட விடுங்கள். பிறகு ஒருவரைப் பின்னால் நிறுத்திவிட்டு அக்சிலேற்றரை ஒரே மிதியில் மூவாயிரத்துக்கு ஏற்றுங்கள். நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் போய்வருகிறேன் என்று சொல்லிவிடலாம். சைலன்சர் குழாயின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்த கரி என்றால் சரி, பிசுபிசுப்பு என்றால் ஒயில். ஒயில் மூடியின் அடியில் கறுப்புக் களி இருந்தால் சொந்தக்காரர் எப்படிப் பராமரித்தார் என்று அதுவே சொல்லும். இவ்வளவும் தாண்டினால் அந்தக் காரை ஒதுக்க வேண்டியதில்லை. நாலு கியர் ஓட்டோமற்றிக் பிழைக்கத் தெரிந்த கியர்பொக்ஸ், பழுது வந்தாலும் நம் ஊரில் செய்யக்கூடியவர்கள் உண்டு. புகை வந்தாலும் காரில் ஆசை விடவில்லை என்றால், எஞ்சின் இறக்கிப் பிஸ்டனும் றிங்கும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஜப்பான் எஞ்சின் ஒன்று வாங்கி மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதுவும் எந்த வருட எஞ்சின் என்று கேளுங்கள். 2002 எஞ்சினுக்குப் பதில் இன்னொரு 2002 எஞ்சின் போடுவது, காய்ச்சல்காரனை அனுப்பிவிட்டு இன்னொரு காய்ச்சல்காரனைக் கூட்டி வருவது.

மீற்றரில் 1,18,000 என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய காருக்கு அது வருடம் ஆறாயிரம்கூட இல்லை. நடக்கக்கூடியதுதான். ஆனால் பிரேக் மிதியின் ரப்பர், ஸ்ரியறிங்கின் மேற்பட்டை, சாரதி இருக்கையின் வலது ஓரம் மூன்றும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

பிரீமியோவில் எஞ்சினுக்காக நான் பயப்பட மாட்டேன். 1 என்.இசெட். எஞ்சினை எத்தனை தடவை திறந்திருக்கிறேன் என்று கணக்கில்லை. திறந்ததெல்லாம் கவனக்குறைவால் கெட்டவை, தானாகக் கெட்டது அரிது. செயின் எஞ்சின், பெல்ற் மாற்றும் செலவு கிடையாது. 260இல் பார்க்க வேண்டியது சி.வி.ரி. கியர்பொக்ஸைத்தான். 1,42,000 ஓடியிருக்கிறது, அதற்குள் ஒயில் மாற்றியிருக்கிறார்களா, எந்த ஒயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். சி.வி.ரி.க்கு அதற்குரிய ஒயில்தான் ஊற்ற வேண்டும். "ஓட்டோ கியர் ஒயில்தானே" என்று சாதாரண ஓட்டோமற்றிக்குக்கான ஏ.ரி.எஃப். ஒயிலை ஊற்றிய கார்களை அயல் கராஜுகளிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள், உள்ளே பெல்ற் வழுக்கிப் புல்லி கீறிப்போயிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது நின்ற இடத்திலிருந்து மெல்ல எடுத்து 20இலிருந்து 40 வரை மிக மெதுவாக ஏற்றுங்கள். அந்த இடத்தில் கார் நடுங்கினால், அல்லது வேகத்தோடு சேர்ந்து ஏறுகிற ஒரு ஊளைச் சத்தம் வந்தால், வேண்டாம். வவுனியாவில் மேடு இல்லை என்பதால் ஏற்றத்தில் சோதிக்க முடியாது. அதற்குப் பதிலாக ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, அரைமணி நேரம் ஓட்டிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சூடான பிறகுதான் நோய் தெரியும்.

என்னைக் கேட்டால் எது? உங்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் மூன்றாவதைச் சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம். என் காசு என்றால், 240 வரிசையிலேயே 2005, 2006இல் செய்த 1.5 ஒன்றைத் தேடுவேன். பிரீமியோவோ அலியனோ, எதுவானாலும் சரி. செசி இலக்கம் என்.இசெட்.ரி. 240 என்று தொடங்க வேண்டும். நீங்கள் விரும்புகிற பிரீமியோவின் எஞ்சினும் நீங்கள் பார்த்த அலியனின் மாதிரி நாலு கியர் பெட்டியும் ஒன்றாக இருப்பது அதில்தான். அழகு கொஞ்சம் குறைவு, உள்ளே சத்தம் கொஞ்சம் கூட. விலை உங்கள் இரண்டு காருக்கும் நடுவில் எங்காவது நிற்கும், லீசிங் எடுத்தாலும் சிறிய தொகை. நுவரெலியா வளைவுகளில் இரண்டாம் கியரில் கொஞ்சம் கத்தும். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அது கிடைக்காவிட்டால், சி.வி.ரி. சோதனையில் தேறினால், பிரீமியோ. வெறும் 1.8 ஆசை என்றால் உங்கள் மைத்துனருடையதைப் போல இசெட்.ஆர்.ரி. 260 தேடுங்கள். 136 குதிரைவலு, நல்ல எஞ்சின்தான். தண்ணீர்ப் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு உப்புப் போலப் படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கூலன்ற் கசிந்து காய்ந்த அடையாளம் அது. பம்ப் மாற்றுவது பெரிய வேலையில்லை, விலையில் குறைக்கலாம். அதே வரிசையின் பிந்திய 1.8களில் வால்வ் திறக்கும் அளவை மாற்றும் வால்வ்மாட்டிக் என்று வேறொரு ஏற்பாடு வந்தது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் எஞ்சின் நின்ற இடத்தில் ஏறி இறங்கி ஓடும். அப்படி ஓடுகிற 1.8ஐ, பழுதைக் காட்டும் ஸ்கானர் போடாமல் வாங்க வேண்டாம். 240இலேயே 2.0 ஒன்றை யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் பார்க்கவும் வேண்டாம். அது நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சும் எஞ்சின், உள்வாயில் கரி படியும், சுத்தம் செய்யும் செலவில் 1.5, 1.8 என்ற உங்கள் விவாதமெல்லாம் மறந்துபோகும்.

லீசிங் எடுக்க வேண்டி வந்தால் கொம்பனி மதிப்பீட்டாளரின் அறிக்கையை நம்பிக் காரை வாங்க வேண்டாம். அவர் பார்ப்பது கடன் திரும்பி வருமா என்பதை. உங்களுக்காக ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும். வவுனியாவில் நீங்கள் நம்புகிற பாஸ் (மெக்கானிக்) ஒருவர் இருந்தால் அவரையே கூட்டிப் போங்கள், அன்றைய கூலியைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள்.

நாளைக்கே பிரீமியோவைப் பார்க்கப் போவதானால் ஒன்று செய்யுங்கள். சொந்தக்காரருக்கு இன்றிரவே பேசி, காலை ஆறு மணிக்கு வருகிறேன், நான் வரும்வரை எஞ்சினை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் கையை பொனற்றின் மேல் வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.